ஒரு பெட்டி தூரத்தில் பூரணம்

கரிசல்மேடு ஜங்ஷனில் சில பேருடைய முகம் பக்கத்தில் தெரியாது, எட்டத்தில் மட்டுமே தெரியும் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், அவர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டி எப்போது என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். நாங்களும் வற்புறுத்துவதில்லை. தெற்கேயிருந்து வரும் பாதையிலிருந்து கிழக்கே கடற்கரைக்கு ஒரு பாதை பிரிகிற இடம் எங்களுடையது. ஊர் என்று சொல்லிக்கொள்வதே கொஞ்சம் பெருமைக்குத்தான். ஒரு ஸ்டேஷன், அதை ஒட்டி ரயில்வே குடியிருப்பு, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, மைதீனின் டீக்கடை, சுற்றிலும் பருத்திக்காடு, அவ்வளவுதான். நீராவி எஞ்சின் ஓடிய நாட்கள் அவை. புகை எங்கள் சோற்றிலும் இருந்தது, வேட்டியிலும் இருந்தது, பிள்ளைகளின் மூக்குச்சளியிலும் இருந்தது, அதனாலேயே ஞானசிகாமணி வந்து இறங்கும்வரை எங்களில் ஒருவரும் புகையை நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஞானசிகாமணி பட்டணத்தில் ஓவியம் படித்தவர். ஆனால் செத்தவர்களை வரைந்துதான் வயிறு கழுவினார். அப்பா இறந்துபோன வீட்டில் மங்கிய போட்டோ ஒன்றை எடுத்து நீட்டுவார்கள், போட்டோ இல்லாவிட்டால் மீசை இப்படி, காது அப்படி என்று ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள், அவர் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு முடியாக, ஒவ்வொரு பொத்தானாக, உருவத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு போட்டு வரைந்து கொடுப்பார், அதைச் சுவரில் மாட்டி மாலை போட்டு மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரியவிடுவார்கள். படம் என்றால் எங்களுக்கும் அதுதான் படம். ஆகையால் ஸ்டேஷன் மாஸ்டர் தேவசகாயத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது, வழக்கமாக எடுக்கும் குரூப் போட்டோவுக்குப் பதிலாக இந்தத் தடவை எண்ணெய்ச் சாயத்தில் எல்லோரையும் வரைந்து மாட்டிவிடலாம் என்று யாரோ ஆசைகாட்ட, ஆளனுப்பி அவரை வரவழைத்தோம்.

மாற்றலாகிப் போகிறவருக்குப் படம் எடுப்பதில் எங்களிடம் ஒரு முறை உண்டு. நடு நாற்காலி மாஸ்டருக்கு, வலப்பக்கம் புக்கிங் கிளார்க், இடப்பக்கம் பார்சல் கிளார்க், பின்னால் நிற்பவர்கள் அவரவர் கிரேடுப்படி, தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர்கள் போர்ட்டர்கள். அந்த முறைப்படியே பார்சல் ஆபீசுக்கு முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஞானசிகாமணி எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சாயப்பெட்டியைத் திறக்கவேயில்லை. அப்போது மாலைப் பாசஞ்சர் வந்துவிட்டது. வந்ததும் வரிசை கலைந்து, கொடிக்காரர் கொடிக்கு ஓட, போர்ட்டர்கள் பெட்டிகளுக்கு ஓட, மைதீன் கெட்டிலோடு ஓட, சிக்னல் கேபினில் நெம்புகோல் இழுக்கும் முத்துமாலைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவன் பெண்டாட்டி ராசகனி, பிரசவத்துக்குப் பிறகு முதன்முதலாக வாசல் தாண்டியவள், பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு ஒதுங்கி நிற்க, புகைக்கு அடியில் புகுந்து வந்த வெயில் எல்லார் மேலும் விழுந்தது. வீட்டில் தீப்பிடித்தவர்போல் ஞானசிகாமணி பெட்டியைத் திறந்து வரையத் தொடங்கினார். வண்டி போய் நாங்கள் மறுபடியும் வரிசையில் வந்து நின்று மூச்சை இழுத்தபோது அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

படத்தை முதல்வகுப்பு வெயிட்டிங் ரூமில் சாய்த்து வைத்தார். நாங்கள் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தோம். ஒரு முகமும் இல்லை. வெள்ளை, நீலம், காவி, ரோஸ் என்று சாயத் திட்டுகள், அப்பளத்துக்கு மாவு கிள்ளி வைத்த மாதிரி.

"ஏம்வே ஞானசிகாமணி, எம் மூக்கு எங்கவே?" என்றார் தேவசகாயம்.

"ஐயா, அந்தக் கடைசிச் சுவர்ப் பக்கம் போய் நின்னு பாருங்க."

"எம் மூக்கப் பாக்க நான் எதுக்கு சுவருக்குப் போணும்? பொகைக்கு ஊதா கலரு அடிச்சிருக்கீரு, நெழலுக்கு நீலம் அடிச்சிருக்கீரு. நெழலு கறுப்புல்லா?"

"வெளிய போய்ப் பாருங்கய்யா. கறுப்பா இருந்தா நான் காசு வாங்கல."

யாரும் போகவில்லை, பிள்ளைகள் மட்டும் வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழல் நீலமாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அடி வாங்கிக்கொண்டார்கள். ஞானசிகாமணி அன்றைக்கு மனம்விட்டுப் பேசினார். பட்டணத்தில் படிக்கும்போது ஒரு புத்தகத்தில் பிரெஞ்சு தேசத்துப் படங்களைப் பார்த்தாராம். அங்கே நூறு வருஷத்துக்கு முன்னால் சில பேர், ராஜாவையும் சாமியையும் அறைக்குள் உட்கார்ந்து வரைவதை விட்டுவிட்டு, சாயப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ரயில் நிலையத்தையும் புகையையும் பாலத்தையும், தெருவில் நெரிசலாகப் போகிற பெயர் தெரியாத ஜனங்களையும் வரைந்தார்களாம். வெளிச்சம் நிற்காது, ஆளும் நிற்கமாட்டான், அதனால் கோடு போட நேரமில்லை, கண்ணில் பட்ட நிறத்தை அப்படியே எடுத்து வைத்துவிட வேண்டும். அங்கேயும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கோடு போட்டு வரையிறது செத்தவங்களுக்குத்தான் சரி. நீங்கள்லாம் உசிரோட ஓடிட்டு இருந்தீங்க, நான் எங்க போய் கோடு போடுவேன்?" என்றார்.

இதைக் கேட்டு நாங்கள் திருந்திவிடவில்லை. எதையும் இன்னார் இன்ன கிரேடு என்று சொல்லி வைத்தே பழகிய ரயில்வே ஜனங்கள் நாங்கள். ஒரு திட்டு யாருடையது என்று தெரியாமல் தொங்குவதை எங்களால் பொறுக்க முடியவில்லை. நடுவில் இருந்த பெரிய வெள்ளைத் திட்டு மாஸ்டருக்கு என்று முதலில் முடிவாயிற்று, அது தபால் மூட்டையாக இருந்தாலும் இருக்கலாம். அடுத்த பெரியதை புக்கிங் கிளார்க் சங்கரலிங்கம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரே சண்டை, ஒரு நீலத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். சாயம் காயவில்லை, எண்ணெய்ச் சாயம் காய வெகுநாளாகும், அதனால் ஒவ்வொருவரும் தனக்கு என்று முடிவான திட்டில் விரலை வைத்து அழுத்தி, "இது நான்" என்று சொல்லி, விரலில் ஒட்டிய சாயத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். ராசகனி மண்நிறத் திட்டு ஒன்றில் தன் விரலை வைத்தாள். அதன் தோள்மாட்டில் ஒரு துளி ரோஸ் இருந்தது. குழந்தையின் விரலைப் பிடித்து அதில் வைக்கப் போனாள்.

"தங்கச்சி, அது கொழந்ததானான்னு எனக்கே தெரியாது," என்றார் ஞானசிகாமணி. "அந்த எடத்துல வெளிச்சம் அப்படி விழுந்துச்சு, நான் அப்படி வச்சேன்."

"எம் புள்ளய எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?" என்று சிரித்துக்கொண்டே அந்தச் சின்ன விரலை வைத்து அழுத்தினாள். குழந்தைக்குப் பூரணம் என்று பெயர். அது அப்போது இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் விரல் வைத்தவர்கள் எல்லோரும் படத்தில் இருந்தபடி ஆகியிருந்தார்கள். கிட்டத்தில் நின்று பார்த்தால் நிறத்திட்டுகள், அசைகிற, பேசுகிற, வெற்றிலை மெல்லுகிற நிறத்திட்டுகள். ஒரு ரயில் பெட்டியின் நீளம் தள்ளிப் போய்ப் பார்த்தால் மூக்கும் முழியுமாக முழு மனிதர்கள். தொட்டால் எப்போதும்போல் தோலும் எலும்பும் சூடும் இருந்தன. தேவசகாயம் சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்று, வெள்ளையும் பழுப்புமாக எதையோ பார்த்து, கண்ணாடியைத் துடைத்தார், பிறகு கண்ணைத் துடைத்தார், பிறகு விஷயம் விளங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காலைப் பாசஞ்சர் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனது.

ஞானசிகாமணியை யாரும் அடிக்கவில்லை. விரல் வைக்கச் சொன்னது அவரில்லையே. படத்தைக் கொளுத்திவிட்டால் சரியாகிவிடும் என்றார் பார்சல் கிளார்க்; கொளுத்தினால் நாமும் சேர்ந்து எரிந்து போனால் என்ன செய்வது என்றார் சங்கரலிங்கம்; அதற்குமேல் தீப்பெட்டியைத் தேடுகிற ஆள் இல்லை. தேவசகாயம் உத்தரவுப்படி வேறு ஊருக்குப் போனார், அங்கே உள்ளவர்கள் அவரை எட்ட நின்று கும்பிடுகிறார்கள் என்றும், இந்த அளவு மரியாதை தனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை என்று அவர் சொல்வதாகவும் வண்டியோடு வரும் கார்டுகள் மூலம் சேதி வந்தது.

மற்றவர்கள் பழகிக்கொண்டோம். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாகச் சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்ததைப் பிரயாணிகள் கவனிக்கவேயில்லை, டிக்கெட் கொடுப்பவரின் முகத்தை என்றைக்கு யார் பார்த்தார்கள். நாவிதர் தடவிப் பார்த்தே சவரம் செய்தார், முன்னைவிட வெட்டுக்காயம் குறைந்தது. டாக்டர் வந்தால் நோயாளியை எதிர்ப் பிளாட்பாரத்தில் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, பிறகு தண்டவாளம் தாண்டி வந்து நாடி பிடித்தார். கொடிக்காரரும் அவர் சம்சாரமும் கல்யாணமான நாளிலிருந்து கீரியும் பாம்புமாக இருந்தவர்கள். இப்போது அவர் முகத்தைப் பார்த்துத் திட்ட வேண்டுமானால் அந்த அம்மாள் தண்ணீர்த் தொட்டிவரை நடக்க வேண்டும், நடந்து போய்த் திரும்பிப் பார்த்தால் அங்கே வெயிலில் கொடியை மடக்கிக்கொண்டு ஒரு மனுஷன் தன்னந்தனியாக நிற்பான், திட்ட வந்தது பாதியில் மறந்துபோகும். கல்யாணம் ஒன்று நடந்தது, மாப்பிள்ளை விரல் வைத்தவன். பெண் தன் சொந்தக்காரிகளோடு பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் நின்று அவனை நன்றாகப் பார்த்துச் சம்மதம் சொன்னாள், தாலி கட்டும்போது கழுத்தருகே வந்த நிறங்களுக்குத் தலைகுனிந்தாள். பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுத் தெரிந்துகொள், எட்டத்தில் இருப்பவரைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். எல்லோருக்கும் ஒரு வழி கிடைத்தது. ராசகனிக்கு மட்டும் கிடைக்கவில்லை.

குழந்தை சிரிக்கத் தொடங்கியிருந்தது. மடியில் கிடந்து ராசகனியின் குரலைக் கேட்டதும் கையையும் காலையும் உதறிக்கொண்டு சிரித்தது. மடியில் அவளுக்குத் தெரிந்ததோ ரோஸ் நிறத்தில் இரண்டு வீச்சு, நடுவில் கொஞ்சம் கறுப்பு, ஓரத்தில் இளநீலம், அவ்வளவுதான். சிரிப்புச் சத்தம் கேட்கும், சிரிப்பு தெரியாது. முகத்தைப் பார்க்கலாம் என்று முத்துமாலையிடம் கொடுத்துவிட்டு ஒரு பெட்டி தூரம் தள்ளிப் போவாள். அம்மாவின் கையை விட்டதுமே, தூக்கத்தில் இருந்தாலும் விழித்து, பூரணம் வீறிட்டுக் கத்தும். அப்படிக் கத்துகிற முகத்தை, கண்ணீரும் மூக்குநீருமாகக் கோணிக்கொண்ட அந்த முகத்தைத்தான் ராசகனி பார்த்திருந்தாள், விரல் வைத்த நாளுக்குப் பிறகு அதைத் தவிர வேறு முகத்தைப் பார்த்ததேயில்லை.

எட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

"ஏளா ராசகனி, எதிர்ப் பிளாட்பாரத்துல இருந்து பாத்தேன், உம் புள்ள என்னமா சிரிக்கா! கன்னத்துல குழி விழுது," என்பான் மைதீன், நல்லெண்ணத்தில்தான் சொல்வான்.

"எந்தக் கன்னத்துல?" என்று கேட்பாள் ராசகனி.

கேபின் ஜன்னலிலிருந்து முத்துமாலை பார்த்தான். ஓடுகிற வண்டியின் ஜன்னலில் இருந்தவர்கள்கூடப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள், இனி ஒரு நாளும் எங்கள் பக்கம் வராதவர்கள். கண்ணாடியில் பார்க்கலாம் என்று நாவிதரின் பெரிய கண்ணாடியை வாங்கி வந்து பிளாட்பாரத்தின் கோடியில் வைத்தான் முத்துமாலை, இந்தக் கோடியில் பிள்ளையோடு அவள் நின்றாள். கையில் இருப்பது கையில் இருப்பதுதான், கண்ணாடி அதைத் தள்ளி வைக்கவில்லை, அதிலும் திட்டுகள்தான் தெரிந்தன. ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்தார்கள், போட்டோவில் ராசகனியும் பிள்ளையும் நின்ற இடத்தில் வெயில் பட்ட சுவர் மட்டும் விழுந்திருந்தது.

"விடு ராசகனி. புள்ள நல்லாத்தான இருக்கா," என்றான் முத்துமாலை.

"நீரு பாத்துட்டீரு, சொல்லுவீரு," என்றாள் அவள்.

அந்தச் சமயத்தில்தான் போர்ட்டர் வெயிலுமுத்து செத்துப்போனார். விரல் வைத்தவர்களில் முதல் சாவு. மூச்சு நின்றதும் அவருடைய நிறங்கள் ஓய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கோடு கோடாகச் சேர்ந்து, கட்டிலில் ஒரு கிழவர் கிடந்தார், ஒவ்வொரு சுருக்கமும் ஒவ்வொரு நரையும் தெரிய, பக்கத்திலேயே. அவர் பெண்டாட்டி இசக்கியம்மாள் அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "இப்பத்தான் பக்கத்துல தெரியுதாவ, இப்பத்தான் தெரியுதாவ" என்று அழுதாள். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். துஷ்டி கேட்க வந்திருந்த ராசகனி மட்டும் குனியவில்லை. ஏந்திய கையையும் அதற்குள் தெளிவாக இருந்த முகத்தையும் அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள், பார்த்தது பொறாமையோடு என்று அவளே பிற்பாடு சொன்னாள், சாவு வீட்டில் அப்படி நினைத்ததற்குக் காதைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிட்டிங் ரூமுக்குப் போனாள். ஞானசிகாமணி அங்கேதான் தங்கியிருந்தார், ஊரை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை, அல்லது எங்கள் புகையை விட மனம் வரவில்லை.

"அண்ணாச்சி, செத்தவங்களுக்குப் போடுவீகளே, அந்தக் கோடு. எம் புள்ள மூஞ்சியச் சுத்தி அத ஒண்ணு போட்டுக் குடுங்க."

அவர் சுவரில் சாய்ந்திருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். "என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா."

"என்ன ஆனாலும் எம் பொறுப்பு. அது சிரிச்சத ஊரு ஒலகமெல்லாம் பாத்துட்டு. பெத்தவ நான் பாக்கல. எனக்குக் கேக்க உரிமை இல்லையா?"

அந்தப் படத்தை வரைந்ததற்காக அவர் ஒருபோதும் வருத்தப்பட்டதில்லை, ஆனால் இந்தப் பெண் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெட்டியின் அடியிலிருந்து மெல்லிய தூரிகையை எடுத்தார். ராசகனி பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளையின் வயிற்றில் முகத்தை வைத்து உரசினாள்; பூரணம் கலகலவென்று சிரித்தது. "இப்பப் போடுங்க," என்றாள்.

படத்தில் அந்த ரோஸ் துளியைச் சுற்றி அவர் கறுப்புக் கோட்டை இழுத்தார், கோட்டின் முனை வந்து தொடக்கத்தைத் தொட்டது.

ராசகனியின் கையில் முகம் வந்தது. முத்துமாலையின் மூக்கு. இடது கன்னத்தில் குழி. வலது புருவத்தின் ஓரத்தில், பிறந்தபோது இல்லாத, கடுகளவு ஒரு மச்சம், அதை எட்டத்தில் இருந்த யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தது. "ஏ பூரணம், எந் தங்கம், எந் தாயி" என்று அந்த முகத்தோடு முகத்தை வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். பிறகுதான் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தாள். வாய் திறந்தபடி இருந்தது, சிரித்தபடிதான் இருந்தது, ஆனால் உள்ளேயிருந்து எதுவும் வரவில்லை. கண் இமைக்கவில்லை. கீழே கால்கள் ரோஸும் நீலமுமாக எப்போதும்போல் உதைத்துக்கொண்டிருந்தன, மேலே முகம் மட்டும் சுவரில் மாட்டிய முகமாக, மாலை மட்டும்தான் குறை என்பதுபோல், அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

"அழிங்க," என்றாள். பிறகு ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "அழிங்க அண்ணாச்சி, அழிங்க! இது சிரிப்பு இல்ல, எம் புள்ள இல்ல இது, அழிங்க!"

ஞானசிகாமணி டர்பன்டைன் துணியை எடுத்தார். கோட்டை மட்டும் துடைக்க வேண்டும், துணி கொஞ்சம் உள்ளே போனால் அந்த ரோஸ் துளியும் சேர்ந்து போய்விடும். கத்தல் கேட்டு ஓடிவந்த நாங்கள் கதவருகே நின்றுவிட்டோம், மைதீன் ஓதத் தொடங்கினான், கேபினை விட்டு வர முடியாத முத்துமாலை நெம்புகோலைப் பிடித்தபடி ஜன்னல் வழியே, என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான். துணியின் முனையை நகத்தில் சுற்றிக்கொண்டு, கோட்டைத் தொடங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார் ஞானசிகாமணி. கடைசிக் கறுப்பு போனதும் ராசகனியின் கையில் முகம் கலைந்தது, திட்டுகளாக உதிர்ந்து அசைந்தது, உடனே பூரணம் அழுதது. அவ்வளவு நல்ல அழுகையை எங்கள் ஜங்ஷனில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அழுததில்லை. ராசகனி அந்த நிறங்களை மார்போடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப்பின் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மைதீன் கன்னத்துக் குழியைப் பற்றிச் சொன்னால், "இடது கன்னம்" என்று மட்டும் சொல்வாள். வேறு யாரும் கோடு போடச் சொல்லி ஞானசிகாமணியிடம் போகவில்லை. அவரும் அந்த மெல்லிய தூரிகையைத் தண்டவாளத்தில் வைத்தார், மாலைப் பாசஞ்சர் அதன்மேல் ஏறிப் போயிற்று. சாவு வீடுகளிலிருந்து ஆள் வந்தால், தனக்கு இப்போது அது வருவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, காலையில் ஒரு புகை, மத்தியானம் ஒரு புகை, மழையில் ஒரு புகை என்று வரைந்துகொண்டிருந்தார். நாங்களும் சுவரை ஒட்டி நின்று பார்க்கக் கற்றுக்கொண்டோம். ஒரு தடவை சங்கரலிங்கம், தான் இத்தனை வருஷம் உட்கார்ந்த ஸ்டேஷன் இவ்வளவு அழகானது என்று தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார்.

பூரணம் தவழ்ந்தது, பெஞ்சைப் பிடித்து நின்றது, அம்மாவின் விரலைப் பிடித்து நடந்தது. விரலை மட்டும் விடாது. விட்டால் கத்தும். ராசகனியும் விடமாட்டாள். பார்க்க முடியாததைத் தொட்டுக்கொண்டாவது இருக்கலாம் என்று அவள் தன் மனதை ஒருவாறு கட்டி வைத்திருந்தாள். மாலைதோறும் முத்துமாலைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, வண்டி போன பிளாட்பாரத்தில் அந்தச் சின்ன நிறங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தாள். வண்டி போய்விட்டது, புகை இன்னும் போகவில்லை, அதற்கு அடியில் வெயில் புகுந்து வந்துகொண்டிருந்தது. கோடியில் ஒரு மைனா தத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பூரணம் அம்மாவின் விரலை விட்டது.

தானாக விட்டது, யாரும் பிரிக்கவில்லை, அதனால் அழவுமில்லை. குடுகுடுவென்று ஓடியது. பக்கத்திலேயே தண்டவாளம். "ஏட்டி, நில்லு! நில்லு!" என்று பின்னால் ஓட எடுத்து வைத்த காலை அவள் பாதியில் நிறுத்தினாள். முன்னால் ஓடிய நிறங்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. கறுப்புத் திட்டு முடியாயிற்று, எண்ணெய் தடவி அவள் கையாலேயே சீவிய முடி. இளநீலம் பாவாடையாயிற்று. கீழே ரோஸ் நிறத்தில் துடித்துக்கொண்டிருந்தது இரண்டு குதிகாலாயிற்று. பிள்ளை ஓட ஓடக் கூடிவந்தது, இன்னும் ஓடியது, இன்னும் கூடியது, மைனா பறந்துபோனதும் நின்றது.

நின்று, அம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தது.

அங்கே எட்டத்தில் அம்மா முழுசாக நின்றாள், பூரணமும் அம்மாவை அப்படிப் பார்ப்பது, அழாமல் பார்ப்பது, அதுதான் முதல் தடவை. யார் இது என்று ஒரு கணம் யோசித்தது. பிறகு சிரித்தது. இடது கன்னத்தில் குழி விழுந்தது, நிறைந்தது, மறுபடி விழுந்தது. புருவத்தோரத்து மச்சம் ஏறி இறங்கியது. கண் சுருங்கி, விரிந்து, இமைத்து, கையைத் தட்டி, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து திரும்பவும் சிரித்தது.

ராசகனி நின்ற இடத்தில் நின்றாள். கண்ணீர் மறைக்கிறதே என்று அவசர அவசரமாகப் புறங்கையால் துடைத்தாள், துடைக்கும் நேரம்கூட வீணாகிறதே என்று விட்டுவிட்டாள். கேபின் ஜன்னலில் முத்துமாலை நின்றான். மைதீன் கெட்டிலை இறக்கி வைத்தான். ஞானசிகாமணி சாயப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் அன்றைக்கு அவர் தூரிகையைத் தொடவில்லை.

பூரணம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடிவந்தது. வர வரக் குழி போயிற்று, மச்சம் போயிற்று, மூக்கும் வாயும் கலைந்தன, குனிந்து நீட்டிய அவள் கையில் வந்து விழுந்தபோது சூடான சில நிறங்களாக இருந்தது. ராசகனி அந்த நிறங்களை இறுகக் கட்டி, உச்சி மோந்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, பிளாட்பாரத்தின் அந்தக் கோடியைக் காட்டினாள்.

"போ மக்கா," என்றாள். "இன்னொரு தடவ ஓடு. அம்ம இங்கதான் நிப்பேன்."